மொட்டை மாடி மழைய கிணத்துக்குள்ள இறக்குறது எப்படி? முழுமையான வழிகாட்டி

உலகத்துல இன்னைக்கும் சுமார் 210 கோடி பேருக்கு பாதுகாப்பான குடிதண்ணி வீட்டுல கிடைக்கலன்னு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து சொல்லுது. இதுக்கு தீர்வுன்னு பேச்ச ஆரம்பிச்சா உடனே கடல்தண்ணிய குடிதண்ணி ஆக்குற ஆலை, நதிநீர் இணைப்புன்னு பெரிய பெரிய விஷயமாத்தான் போகும். அதெல்லாம் அரசாங்கம் பண்ணவேண்டியது, பண்ணட்டும். நம்ம கையால நம்ம வீட்டுல பண்ணக்கூடிய ஒரு வேலை இருக்கு, நாலு இன்ச் பிவிசி பைப்பு, கொஞ்சம் ஜல்லி, ஒரு கிணறு, இவ்ளோதான் அதுக்கு வேணும். சென்னை வீடு ஒன்ன மனசுல வெச்சு முழுசா எழுதுறேன், மத்த ஊர்க்காரங்க மழை அளவையும் மண்ணையும் மட்டும் மாத்தி போட்டுக்கோங்க.

சென்னைய ஏன் எடுத்தேன்னா, 2003லயே எல்லா கட்டடத்துலயும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு. அப்பறம் 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு, ஜனங்க ராத்திரியெல்லாம் குடத்தோட லாரிக்கு நின்னாங்க. ஜூலை 12 அன்னைக்கு ஜோலார்பேட்டைல இருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன் ரயில்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்துச்சு. சட்டம் இருந்தும் ஏன் இந்த நிலைமைன்னு கேட்டா பல காரணம் உண்டு, முந்தின வருஷம் வடகிழக்கு பருவமழை பொய்ச்சது, ஏரியும் சதுப்பு நிலமும் வீடா மாறினது எல்லாம் சேரும். ஆனா வீட்டுக்குள்ள பாத்தா ஒரு காரணம் தெளிவா தெரியும், குழி இருக்கு, வேலை செய்யல. நிறைய எடத்துல பைப்பே குழிக்கு வராது, வந்தாலும் குழி சின்னது, பெருசா இருந்தாலும் கட்டின நாள்ல இருந்து யாரும் திறந்து பாக்கல. இந்த மூணையும் சரி பண்றதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: உங்க மாடிக்கு எவ்ளோ தண்ணி வருதுன்னு கணக்கு போடுங்க

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். 1000 சதுர அடி மாடின்னா 93 சதுர மீட்டர். சென்னைல வருஷத்துக்கு சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, பெருக்குனா 1,30,000 லிட்டர். கான்கிரீட் கொஞ்சம் உறிஞ்சும், கொஞ்சம் ஆவியாகும், தெறிக்கும், அதுக்கு 20 சதவீதம் கழிச்சா கையில நிக்குறது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. ஜோலார்பேட்டைல இருந்து அன்னைக்கு வந்த ஒரு ரயில் தண்ணி, இந்த மாதிரி 25 வீட்டு மொட்டை மாடில ஒரு வருஷத்துல கையில நிக்குற மழைக்கு சமம்னு நினைச்சு பாருங்க. 25 வீடுங்குறது ஒரு சின்ன தெரு.

கோயம்புத்தூர் மாதிரி ஊர்ல மழை சென்னைல பாதி அளவுதான், அங்கயும் அரை லட்சம் லிட்டர் வருது.

ஆனா வருஷ கணக்க விட முக்கியமான கணக்கு இன்னொன்னு இருக்கு, அத யாரும் போடுறதில்ல. ஐப்பசி கார்த்திகைல சென்னைல மழை எப்படி பெய்யும்னு நமக்கே தெரியும், வருஷத்து மழைல பாதிக்கு மேல அந்த ரெண்டு மூணு மாசத்துல கொட்டும், அதுலயும் சில நாள்ல ஒரே மணி நேரத்துல 50 மில்லிமீட்டர் ஊத்தும். அப்போ 93 சதுர மீட்டர் மாடில இருந்து அந்த ஒரு மணி நேரத்துல சுமார் 4000 லிட்டர் இறங்கும். உங்க பைப்பு, ஃபில்டர், குழி எல்லாம் இந்த 4000 லிட்டர தாங்குதாங்குறதுதான் கேள்வி. இத ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இந்த நம்பர்தான் கூட வரும்.

ரெண்டாவது படி: இப்ப என்ன இருக்குன்னு பாருங்க

புது வேலைக்கு காசு போடுறதுக்கு முன்னாடி இருக்குறத சோதிங்க. ஒரு வாளி தண்ணில நாலு ஸ்பூன் மஞ்சத்தூள் கலக்குங்க, மாடில இருக்குற ஒவ்வொரு வடிகால் ஓட்டையிலயும் தனித்தனியா ஊத்துங்க, கீழ ஒரு ஆள் நின்னு மஞ்சத் தண்ணி எங்க வெளிய வருதுன்னு பாக்கணும். ஒண்ணு தெருவுக்கு போகும், ஒண்ணு தோட்டத்துல கொட்டும், ஒண்ணு எங்கயுமே வராது. எங்கயும் வரலன்னா பாதாள சாக்கடை மூடிய திறந்து பாருங்க, பல வீட்டுல மாடித்தண்ணி நேரா கழிவுநீர் லைன்ல போய் சேருது. மழை வந்தா சாக்கடை பொங்கி வீட்டுக்குள்ள ஏறுதுன்னு தெருவே புலம்பும், அதுக்கு இந்த இணைப்பும் ஒரு காரணம். அத முதல்ல துண்டிங்க, வேற எதுவும் பண்ணலன்னாலும் இத பண்ணுங்க.

அடுத்து, கேட்டு பக்கத்துல மழைநீர் குழி ஒண்ணு ஸ்லாப் போட்டு மூடியிருக்கும், ப்ளான் அப்ரூவலுக்காக போட்டது. கடப்பாரை வெச்சு அத தூக்குங்க. உள்ள பெரும்பாலும் பாக்குறது இதுதான்: மேல ஒரு விரக்கடை கனத்துக்கு சாம்பல் கலர்ல சேறு காஞ்சு வெடிச்சு ஓடு மாதிரி கெடக்கும், நடுவுல வேப்பிலை, பால் பாக்கெட், மாடி தோட்டத்து மண்ணு, அந்த ஓட்ட பெயர்த்தா கீழ ஜல்லி, ஜல்லி சந்தெல்லாம் களி புடிச்சு கெட்டியாகி ஒத்த கல்ல கூட கையால பிடுங்க முடியாது. ஒரு வாளி தண்ணி ஊத்திட்டு பாருங்க, பத்து நிமிஷம் கழிச்சும் அப்படியே நிக்கும். இந்தக் குழி செத்துப்போச்சு. ஜல்லிய வெளிய எடுத்து கழுவி போட்டா மறுபடி உயிர் வரும், ஆனா அதுக்கு முன்னாடி இந்த அளவு குழி போதுமான்னு பாத்துடலாம்.

சாதாரணமா போடுற குழி மூணுக்கு மூணு அடி, அஞ்சடி ஆழம். கொள்ளளவு 45 கன அடி, அதாவது சுமார் 1270 லிட்டர். அதுல முழுக்க ஜல்லி கொட்டிட்டா சந்துல நிக்குற தண்ணி சுமாரா 500 லிட்டர்தான். நம்ம கணக்கு என்ன, மணிக்கு 4000 லிட்டர். மண்ணு வேகமா உறிஞ்சாத எடத்துல இந்தக் குழி அடைமழைல ஏழெட்டு நிமிஷத்துல நிறைஞ்சு வழிஞ்சுடும், மிச்சமெல்லாம் ரோட்டுக்கு. எந்த தப்பும் இல்லாம கட்டின குழிக்கே இந்த கதிதான்.

மூணாவது படி: மண்ண சோதிங்க

ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழத்துல குழி வெட்டுங்க. ஒரு தடவை தண்ணி ஊத்தி மண்ண ஊற விடுங்க, அது வத்தின பிறகு மறுபடி ஊத்தி நேரம் பாருங்க. சில நிமிஷத்துல மறைஞ்சா மணல், ஒரு ராத்திரி நின்னா களி. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா நடுவுலதான்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதி மணல், அங்க தண்ணி போட்ட எடத்துல இறங்கிடும். கிண்டி, வேளச்சேரி பக்கமெல்லாம் கொஞ்ச ஆழத்துலயே பாறை. களிமண் உள்ள ஏரியாவுல மேல களி, அதுக்கு கீழ சில அடில மணல் படுகை கிடைக்கும், அந்த மணல் வரைக்கும் தண்ணிய கொண்டு போறதுதான் வேலையே. உங்க தெருவுல யாராவது சமீபத்துல போர் போட்டிருந்தா எத்தன அடில என்ன மண்ணு வந்துச்சுன்னு அவங்ககிட்ட கேளுங்க, போர் போட்டவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும், காசு குடுத்து சர்வே பண்றதுக்கு முன்னாடி இதுவே பாதி பதில் சொல்லிடும்.

கடலோரத்துல இருக்குறவங்களுக்கு ஒண்ணு. நிலத்தடி நல்ல தண்ணிய அளவுக்கு மீறி உறிஞ்சா கடல் உப்பு உள்ள வரும். மீஞ்சூர் பக்கம் பல கிலோமீட்டர் உள்ள வரைக்கும் அப்படி உப்பு ஏறியிருக்கு. ஒரு தடவை ஏறிட்டா திரும்ப இறக்க பல வருஷம் ஆகும். மேல இருந்து மழைத்தண்ணிய இறக்கி அழுத்தம் குடுக்குறதுதான் அத தடுக்குற வழி, அதனால கடலோர வீடுங்களுக்கு இந்த வேலை மத்தவங்கள விட ரெண்டு மடங்கு அவசியம்.

நாலாவது படி: சேத்து வெக்கணுமா, மண்ணுக்குள்ள விடணுமா?

ரெண்டும் பண்ணலாம், முதல்ல சம்ப் (தரைக்கு அடில இருக்குற தண்ணி தொட்டி), நிறைஞ்சா கிணறு. சம்ப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா சென்னைல மழை ரெண்டு மூணு மாசத்துல மொத்தமா வர்றதால ஒரு லட்சம் லிட்டர தொட்டி கட்டி வெக்க எடமும் இல்ல, காசும் இல்ல, மண்ணுக்கு கீழ இருக்குற எடம் இலவசம்.

தொட்டிலயே வாழுற ஊர்ங்க உலகத்துல இருக்கு. பெர்முடா தீவுல ஆறும் இல்ல, ஏரியும் இல்ல, வீட்டு கூரைய படி படியா வெள்ளை சுண்ணாம்பு பூசி கட்டி, வீட்டுக்கு அடில தொட்டி வெக்கணும்னு சட்டமே இருக்கு. பிரேசிலோட வடகிழக்கு வறண்ட பகுதில 2003ல ஆரம்பிச்ச பத்து லட்சம் தொட்டி திட்டத்துல வீட்டுக்கு ஒரு 16,000 லிட்டர் சிமெண்ட் தொட்டி, அஞ்சு பேர் குடும்பத்துக்கு குடிக்க சமைக்க கிட்டத்தட்ட எட்டு மாசம் வர்ற அளவு. சீனாவோட கான்சு மாகாணத்துல 1995 வறட்சிக்கு அப்பறம் வீட்டுக்கு ஒரு மழை புடிக்குற தளம், ரெண்டு தொட்டி, ஒரு துண்டு நிலம்னு திட்டம் போட்டாங்க, அங்க மழையே வருஷத்துக்கு சுமார் 300 மில்லிமீட்டர். தாய்லாந்து வடகிழக்குல 1980கள்ல இருந்து ஆளுயர சிமெண்ட் ஜாடி வீட்டுக்கு வீடு வந்துச்சு, ஒரு ஜாடி 2000 லிட்டர் புடிக்கும். நம்மள விட கம்மி மழை பெய்யுற ஊருங்களும் இதுல இருக்குங்குறத கவனிங்க.

உங்க வீட்டுல இருக்குற சம்ப்புக்கு மழைத்தண்ணி குடுக்கணும்னா ஃபில்டர் நல்லா இருக்கணும், முதல் மழைய கண்டிப்பா வெளிய விடணும். குடிக்கிறதா இருந்தா கொதிக்க வெச்சு குடிங்க. எரிபொருள் இல்லாத எடத்துல தெளிஞ்ச தண்ணிய நிறமில்லாத பிளாஸ்டிக் (PET) பாட்டில்ல ஊத்தி நல்ல வெயில்ல ஆறு மணி நேரம் படுக்க வெச்சா கிருமி சாகும், மேகமூட்டம்னா ரெண்டு நாள் வெக்கணும். கலங்கின தண்ணிக்கு இது ஆகாது, ரசாயனத்தையும் உப்பையும் இது எடுக்காது.

மண்ணுக்குள்ள விடுறதுல எது நல்லதுன்னு கேட்டா என் வரிசை இதுதான். வீட்டுல பழைய கிணறு இருந்தா யோசிக்கவே வேண்டாம், அதுதான். கிணறு இல்லன்னா புதுசா ஒரு உறைக்கிணறு, அதாவது சிமெண்ட் வளையத்த ஒண்ணு மேல ஒண்ணா இறக்கி போடுற கிணறு. அதுக்கும் எடம் இல்லன்னா குழி. போர்வெல்லுக்குள்ள நேரா விடுறது கடைசி, ஏன்னு அப்பறம் சொல்றேன்.

அஞ்சாவது படி: மாடியும் பைப்பும்

மாடி சுத்தமா இருந்தா பாதி ஃபில்டர் வேலை முடிஞ்சுது. பூச்செடி தொட்டிங்க வடிகால் ஓட்டை பக்கத்துல இருக்கக்கூடாது, மண்ணு எல்லாம் அதுல இருந்துதான் வருது. நாய் கட்டுற எடம், புறா உக்காருற எடம் இருந்தா தனியா கழுவிவிட ஒரு வழி வேணும். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஜல்லடை மூடி போடுங்க, தட்டையான மூடி வேண்டாம், ஒரு இலை வந்து ஒட்டிக்கிட்டா அடைச்சுரும், குவிஞ்ச மாதிரி மேல எழும்பி இருக்குற மூடியா வாங்குங்க.

பைப்பு அளவுல நிறைய பேர் மிச்சம் பிடிக்கப் பாக்குறாங்க. பலத்த மழைய தாங்கணும்னா ஒரு நாலு இன்ச் பைப்பு 450 சதுர அடி மாடிக்குத்தான் சரியா இருக்கும். 1000 சதுர அடிக்கு ரெண்டு பைப்பு கண்டிப்பா வேணும், மூணு இருந்தா நல்லது. கீழ எல்லாத்தையும் ஒண்ணா சேக்குற படுக்கை பைப்பு ஆறு இன்ச்சா இருக்கட்டும், சாய்வு குடுங்க, பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது இறங்கணும். வளையுற எடத்துல சாதா எல்போ போடாம திறந்து சுத்தம் பண்ற மூடி வெச்ச எல்போ போடச் சொல்லுங்க, பிளம்பர் அண்ணன் எதுக்கு சார் இதெல்லாம்னு கேப்பாரு, ரெண்டு வருஷம் கழிச்சு அடைப்பு எடுக்க அதே அண்ணன்தான் வரப்போறாரு, போடச் சொல்லுங்க.

முதல் மழை விஷயம். மாடில மாசக்கணக்கா படிஞ்ச தூசி, எச்சம் எல்லாம் முதல் மழைல வரும், அத உள்ள விடக்கூடாது. 93 சதுர மீட்டருக்கு முதல் ஒரு மில்லிமீட்டர் மழைன்னா 93 லிட்டர். கடைல விக்கிற முதல் மழை பைப்பு செட்டுன்னு நாலு இன்ச் பைப்பு ஒரு ஆள் உயரத்துக்கு இருக்கும், அதுல மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் புடிக்கும், ஆக மொத்தம் 12, 13 லிட்டர். உங்க மாடிக்கு அது பத்தவே பத்தாது. கிணத்துக்கு விடுறதா இருந்தா எளிமையா பண்ணுங்க: பைப்புக்கு கீழ T வடிவத்துல ஒரு இணைப்பு, அதுல திறந்து மூடுற ஒரு வால்வ் (ball valve), சீசன் தொடங்குறப்போ வால்வ் திறந்தே இருக்கட்டும், முதல் நல்ல மழைல மாடி கழுவி தண்ணி வெளிய போகட்டும், அப்பறம் மூடிடுங்க. சம்ப்புக்கு விடுறதா இருந்தா நூறு லிட்டர் டிரம் ஒண்ணு நடுவுல வெச்சு, அது நிறைஞ்ச பிறகுதான் மேல் பைப்பு வழியா சம்ப்புக்கு போற மாதிரி பண்ணுங்க, டிரம்முக்கு அடில சின்ன குழாய் வெச்சு மழை விட்டதும் காலி பண்ணிடுங்க, அந்த தண்ணி செடிக்கு போகட்டும்.

ஆறாவது படி: ஃபில்டர்

இங்கதான் தேவையில்லாம சிக்கலாக்குறாங்க. ஜல்லி, மணல், கரி, மறுபடி ஜல்லின்னு அஞ்சு அடுக்கு படம் போட்டு காட்டுவாங்க. சம்ப்புக்கு அது சரி. கிணத்துக்கு வேண்டாம். ரெண்டடிக்கு ரெண்டடி தொட்டில மணல் போட்டா, புது மணலா இருந்தாலும் மணிக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் லிட்டருக்கு மேல போகாது, நம்ம கணக்கு 4000, மீதி வழிஞ்சு வெளிய போகும், ஒரு மாசத்துல மணல் மேல பாசியும் சேறும் படிஞ்சு அதுவும் நின்னுடும். மாடித்தண்ணி அவ்ளோ அழுக்கு கிடையாது, இலையும் மண்ணும் பிடிச்சா போதும், கிணத்தச் சுத்தி இருக்குற மண்ணே பெரிய ஃபில்டர்.

அதனால ரெண்டடி நீளம், ரெண்டடி அகலம், மூணடி ஆழத்துல செங்கல் தொட்டி ஒண்ணு கட்டுங்க. தண்ணி மேல இருந்து வரணும், கீழ இருந்து கிணத்துக்கு போகணும். வெளிய போற பைப்புல உள்பக்கம் இருக்குற துண்டுல வரிசையா ஓட்டை போட்டு நைலான் வலை சுத்துங்க. அது மேல ஒன்றரை இன்ச் ஜல்லி ஒரு அடி, அதுக்கு மேல முக்கால் இன்ச் ஜல்லி முக்கால் அடி, மேல ஒரு வலை. வலைக்கு மேல ஒரு அடிக்கு மேல காலியா இருக்கட்டும், வேகமா வர்ற தண்ணி நின்னு இறங்க எடம் வேணும்ல. ஜல்லி அளவு தரமா பாத்து வாங்கி, தூசி போற வரைக்கும் கழுவிட்டு போடுங்க, கிரஷர் தூசியோட அப்படியே கொட்டினா அதுவே முதல் மழைல கிணத்துக்கு போய் படியும்.

இன்னொரு விஷயம், இது சொல்லாம விடக்கூடாது: ஜல்லிய அப்படியே கொட்டாதீங்க. வெங்காய மூட்டை வருமே சிவப்பு வலை பை, அதுல பத்து பத்து கிலோவா கட்டி அடுக்குங்க. அடுத்த வருஷம் சுத்தம் பண்றப்போ பைய தூக்கி வெளிய வெச்சு ஹோஸ் பைப்புல அடிச்சா முடிஞ்சுது, ஒரு ஆள் ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம். கையால கல்ல பொறுக்கி எடுக்கணும்னா யாரும் பண்ண மாட்டாங்க, அதுதான் எல்லா குழியும் சாகுற காரணம்.

ஏழாவது படி: கிணறு

பழைய கிணறு இருக்குறவங்க கொடுத்து வெச்சவங்க. நிறைய வீட்டுல வத்திப்போச்சுன்னு குப்பை போட்டு மூடி வெச்சிருக்காங்க, மேல ஸ்லாப் போட்டு பைக் நிறுத்துறாங்க. தயவுசெஞ்சு அத தூர்க்காதீங்க. ஏற்கனவே நீர்மட்டம் வரைக்கும் போற வழி உங்க வீட்டுல இருக்கு, அத புதுசா வெட்டணும்னா எவ்ளோ செலவுன்னு கேட்டு பாருங்க.

தூர் வாருறதுக்கு அனுபவம் உள்ள ஆளுங்கள மட்டும் கூப்பிடுங்க. ரொம்ப நாள் மூடி இருந்த கிணத்துல விஷவாயு நிக்கும், உள்ள ஆக்ஸிஜன் இருக்காது, இறங்கினவரும் அவரக் காப்பாத்த இறங்கினவரும் சேர்ந்து செத்த சம்பவம் வருஷா வருஷம் நடக்குது. மூடிய திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்க, ப்ளோயர் வெச்சு காத்து அடிங்க, இடுப்புல கயிறு இல்லாம ஒருத்தர கூட இறக்காதீங்க, மேல ரெண்டு பேர் நிக்கணும். விளக்கு இறக்கி பாக்குறது பழைய வழக்கம், அணைஞ்சா கண்டிப்பா இறங்கக்கூடாது, அணையலன்னா மட்டும் பத்திரம்னு அர்த்தம் இல்ல, அதுக்குன்னு வாயு அளக்குற கருவி இருக்கு, அது வெச்சிருக்குறவங்கள கூப்பிடுங்க. சந்தேகம் இருந்தா ஆள இறக்காம மேல இருந்தே வாளி போட்டு எடுக்கச் சொல்லுங்க.

தூர் எடுத்த பிறகு ஃபில்டர் தொட்டில இருந்து வர்ற பைப்ப கிணத்துக்குள்ள விடுங்க. பைப்பு முனைல எல்போ வெச்சு கீழ்நோக்கி இறக்கி விட்டா நல்லது, இல்லன்னா தண்ணி எதிர்ப்பக்கத்து சுவத்துல அடிச்சு அடிச்சு உறை சந்துல இருக்குற மண்ண கரைச்சுடும்.

கிணறே இல்லாதவங்க உறைக்கிணறு போடுங்க. மூணடி விட்டம், 15 அடி ஆழம்னா கொள்ளளவு சுமார் 3000 லிட்டர், ஜல்லி குழிய விட ஆறு மடங்கு, மண்ணு உறிஞ்சுறதையும் சேத்தா நம்ம 4000 லிட்டருக்கு கிட்ட வந்துடுது. களி ஏரியாவுல களிய தாண்டி மணல் தட்டுற வரைக்கும் போகணும், அது 12 அடியா இருக்கலாம், 20 அடியா இருக்கலாம். உறைல பக்கத்துல ஓட்டை போட்டதா வாங்குங்க, உறைக்கு உறை சிமெண்ட் பூசாதீங்க, அடிய கான்கிரீட் போட்டு மூடாதீங்க. இத நான் ஏன் அழுத்தி சொல்றேன்னா சில கொத்தனார் பழக்கத்துல செப்டிக் டேங்க் மாதிரி நெருக்கமா பூசி அழகா முடிச்சு குடுத்துடுறாங்க, தண்ணி எங்கயும் போகாது. உறைக்கு வெளிப்பக்கம் சுத்தி ஜல்லி நிரப்பணும். உள்ள எதுவும் கொட்டாதீங்க, காலியா இருக்கட்டும், காலி எடம்தான் இங்க சொத்து. மழைக்காலத்துல பக்கத்து கிணத்துல நீர்மட்டம் எவ்ளோ மேல வருதுன்னு பாத்துட்டு, அதுக்கு மேலயே உங்க கிணத்தோட அடி நிக்குற மாதிரி ஆழம் முடிவு பண்ணுங்க, இல்லன்னா தேவைப்படுற நேரத்துல கிணறு ஏற்கனவே நிறைஞ்சு நிக்கும்.

எங்க தோண்டுறதுங்குறதும் முக்கியம். வீட்டு அஸ்திவாரத்துல இருந்து அஞ்சடியாவது தள்ளி. செப்டிக் டேங்க்ல இருந்து 50 அடி தள்ளி இருந்தா நல்லது, ஒரு கிரவுண்டு (2400 சதுர அடி) மனைக்குள்ள அது கஷ்டம், டேங்க் பின்பக்கம் இருந்தா கிணறு முன்பக்கம்னு முடிஞ்ச வரைக்கும் தூரமா வைங்க. மணல் ஏரியாவுல தோண்டுறப்போ பக்கச்சுவர் சரியும், உறைய உள்ள இறக்கிக்கிட்டே தோண்டத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடுங்க. பெங்களூருல மண்ணு வட்டர்னு தலைமுறை தலைமுறையா கிணறு வெட்டுற சமூகம் இருக்கு, அங்க மழைநீர் கிணறுங்க பரவ ஆரம்பிச்சப்போ அவங்க கைக்கு வேலை திரும்ப வந்துச்சு. நம்ம ஊர்லயும் அப்படி வேலை தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்க, இந்த வேலை அவங்ககிட்ட போறதுதான் சரி.

வழிஞ்சு போற பைப்பு ஒண்ணு கிணத்து மேல்மட்டத்துல கண்டிப்பா வேணும், அது தெரு மழைநீர் கால்வாய்க்கு போகணும், சாக்கடைக்கு கிடையாது. 2015 டிசம்பர் மாதிரி மழை வந்தா எந்த கிணறும் தாங்காது, வழி இல்லன்னா தண்ணி வீட்டுப்பக்கம் திரும்பும். கிணத்துக்கு மேல கனமான கான்கிரீட் மூடி, பூட்டு, காத்து போற ஓட்டைல கொசுவலை.

வாசல், கார் நிறுத்துற எடம் இதுல ஓடுற தண்ணி பத்தி கேப்பீங்க. அத இந்த கிணத்துக்குள்ள விடாதீங்க, பெட்ரோல், ஆயில், செருப்பு மண்ணு எல்லாம் இருக்கும். கேட்டு ஓரமா ஒரு கால்வாய் வெட்டி கிரில் போட்டு அதுக்கு தனியா ஜல்லி குழி வைங்க, பழைய குழிக்கு இதுதான் நல்ல உபயோகம். துணி துவைக்குற, குளிக்குற தண்ணிய கல்வாழை, சேம்பு நட்ட பாத்தில விடுங்க. ஆர்ஓ மெஷின் கழிக்குற தண்ணில உப்பு அதிகம், அது வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ போகட்டும், கிணத்துக்கு வேண்டாம்.

எட்டாவது படி: போர்வெல் இருந்தா

ஓடிக்கிட்டு இருக்குற போரோட கேசிங்குக்குள்ள, அதாவது போர் குழில இறக்கின பைப்புக்குள்ள, மாடி பைப்ப சொருகி விடுற வேலை நிறைய நடக்குது. கிணத்துல விழுற அழுக்க மண்ணு வடிகட்டும், போர்ல விழுற அழுக்கு நேரா நூறு இருநூறு அடி கீழ போய் நம்ம குடிக்கிற தண்ணில கலக்கும், சேறு போய் பாறை சந்த அடைச்சா ஊத்து நிக்கும், போர் மொத்தமா போயிடும். அதனால போருக்கு பத்து பதினஞ்சு அடி தள்ளி மேல சொன்ன உறைக்கிணறு போடுங்க, அங்க இறங்குற தண்ணி மண்ணு வழியா வடிஞ்சு மெதுவா சேரட்டும், பொறுமை வேணும், அவ்ளோதான்.

வத்திப்போன பழைய போர் இருந்தா அத இன்னைக்கே மூடுங்க. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில ரெண்டு வயசு குழந்தை அப்படி ஒரு குழில விழுந்து, நாலு நாள் போராடியும் காப்பாத்த முடியல. சாக்கு போட்டு மூடுறது, கல்ல வெக்குறது எல்லாம் மூடி ஆகாது, கேசிங் மேல வெல்டிங் அடிச்ச இரும்பு மூடி போடணும், கேசிங் இல்லன்னா மண்ணு போட்டு நிரப்பி கான்கிரீட் போடணும்.

ஒம்பதாவது படி: பராமரிப்பு

புரட்டாசி மாசம் இதுக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க, தீபாவளி வேலை தொடங்குறதுக்கு முன்னாடி. மாடிய கூட்டி அள்ளுங்க, கழுவி உள்ள தள்ளாதீங்க. ஓட்டை மூடிங்கள எடுத்து இலை எடுங்க. ஃபில்டர் தொட்டில இருந்து வலை பைய தூக்கி கழுவுங்க, தொட்டி அடில படிஞ்ச சேற அள்ளுங்க, நைலான் வலை கிழிஞ்சிருந்தா மாத்துங்க. கிணத்து மூடி, கொசுவலை பாருங்க. மறுபடி அந்த மஞ்சத்தண்ணி சோதனை ஒரு தடவை. மழை சீசன் நடுவுல ஒரு தடவை ஃபில்டர் மேல் வலைய மட்டும் தட்டி போட்டா போதும். உறைக்கிணறு அடில நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை படிஞ்ச சேறு எடுக்கணும், மேல சொன்ன பாதுகாப்பு எல்லாம் அதுக்கும் பொருந்தும்.

வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்க ரெண்டு விஷயம் எழுதி வைங்க. ஒண்ணு கிணத்து நீர்மட்டம், கயிறுல கல்ல கட்டி இறக்கி மாசத்துக்கு ஒரு தடவை அளந்தா போதும். இன்னொன்னு டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணில எத்தன மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்குற அளவு, அதுக்கு சின்ன மீட்டர் ஆன்லைன்ல கிடைக்குது, கிணத்து தண்ணியும் போர் தண்ணியும் அளந்து தேதியோட எழுதுங்க. குடிதண்ணிக்கு டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும்னு இந்திய தர அளவு, வேற வழி இல்லன்னா 2000 வரைக்கும் பரவால்லன்னு சொல்லுது. மழைத்தண்ணில உப்பு கிட்டத்தட்ட கிடையாது, அதனால கிணத்துல நல்லா இறங்க ஆரம்பிச்சா இந்த நம்பர் மழைக்கு அப்பறம் குறையுறத கண்ணால பாக்கலாம். ஒரே சீசன்ல பெருசா எதிர்பாக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பத்து பேர் போர்ல உறிஞ்சுறப்போ நீங்க ஒருத்தர் இறக்குறது எங்க போச்சுன்னே தெரியாது, அதனாலதான் தெருவே சேர்ந்து பண்ணனும்னு சொல்றது. ராஜஸ்தான் ஆல்வார் மாவட்டத்துல 1980கள்ல இருந்து ஊர் ஊரா சேர்ந்து ஜோஹத்னு சொல்ற மண் தடுப்பணைங்கள கட்டினாங்க, ராஜேந்திர சிங்கும் தருண் பாரத் சங்கமும் கூட நின்னாங்க, வறண்டு கெடந்த அர்வாரி ஆத்துல மறுபடி தண்ணி ஓடுச்சு. ஒரே ஒரு ஊர் மட்டும் கட்டியிருந்தா அது நடந்திருக்காது.

சந்தேகம் வந்தா சென்னைல ரெயின் சென்டர்னு ஒண்ணு இருக்கு, சேகர் ராகவன் பல வருஷமா நடத்துறாரு, இந்த மாதிரி வேலைக்காகவே உள்ள எடம், போய் கேளுங்க.

அப்பார்ட்மெண்ட்ல இருக்குறவங்களுக்கு

உங்களுக்கு இது தனி வீட்ட விட சுலபம், ஏன்னா மாடி பெருசு, செலவு பிரியும். கஷ்டம் ஒண்ணுதான், யாரு பாத்துக்குறதுன்னு. 5000 சதுர அடி மாடிக்கு ஒரே கிணறு போடாதீங்க, மணிக்கு 20,000 லிட்டர் வரும், பைப்பு எங்கெங்க இறங்குதோ அங்கங்க பிரிச்சு மூணு நாலு உறைக்கிணறு போடுங்க. அசோசியேஷன் மீட்டிங்ல பேசுறப்போ நிலத்தடி நீர், சுற்றுச்சூழல்னு ஆரம்பிக்காதீங்க, போன கோடைல லாரி தண்ணிக்கு எவ்ளோ குடுத்தோம்னு பில்ல எடுத்து டேபிள்ல வைங்க, ஒரு லாரி 12,000 லிட்டர்னா உங்க மாடில வருஷத்துக்கு எத்தன லாரி விழுதுன்னு அங்கயே கணக்கு போட்டு காட்டுங்க. ஒத்துக்கிட்ட பிறகு பைப்பு போற வழிய ஒரு படமா வரைஞ்சு செக்யூரிட்டி ரூம்ல ஒட்டுங்க, வால்வ் எங்க இருக்கு, ஃபில்டர் மூடி எது, கிணத்து சாவி யார்கிட்ட, கடைசியா ஜல்லி கழுவின தேதி என்னன்னு அதுலயே இருக்கட்டும், வாட்ச்மேன் மாறினாலும் செகரட்டரி மாறினாலும் அந்த பேப்பர் அங்கயே இருக்கணும்.